போரில் இடிந்த கோயிலின் கற்கள்

கேள்வி: பிரான்சு நாட்டில் ரோன்ஷாம் குன்றின்மேல் கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே கட்டிய மாதா கோயில், இரண்டாம் உலகப் போரில் இடிந்த பழைய கோயிலின் கற்களைக் கொண்டு எழுப்பப்பட்டது என்று படித்தேன். படங்களில் ஒரு கல்கூடத் தென்படவில்லையே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் படங்களில் அடிக்கடி வருவது தெற்குச் சுவர். அதில்தான் பழைய கல் கிடையாது. சிறிதும் பெரிதுமாகச் சன்னல்கள் சிதறிக் கிடக்கும் அந்தச் சுவர், பார்வைக்குக் கோட்டை மதில்போல் தடித்திருந்தாலும், கான்கிரீட் சட்டத்தின்மேல் கம்பி வலை விரித்து, சிமெண்டுக் கலவையைப் பீய்ச்சிப் பூசிய வெறும் கூடு.

கற்கள் மற்றப் பக்கச் சுவர்களில் இருக்கின்றன. 1944 இலையுதிர்காலச் சண்டையில் கோயில் நொறுங்கிய பின், 1950இல் இப்பணியை ஏற்ற லெ கொர்புசியே, பொருள்களைக் குன்றின்மேல் ஏற்றுவது பெரும்பாடு என்பதால், அங்கே குவிந்து கிடந்த இடிபாட்டையே பயன்படுத்திக்கொள்ளத் தீர்மானித்தார். அடிபட்ட அக்கற்கள் பாரம் தாங்கும் என்று நம்ப முடியாது. எனவே, தாமாகவே சாயாமல் நிற்கும்படி சுவர்களை வளைத்துக் கட்டி, கூரையின் பாரத்தை அவற்றுக்குள் மறைந்த கான்கிரீட் தூண்களின்மேல் இறக்கி, வெளியே கலவை பூசி வெள்ளையடிக்கச் செய்தார். கலைஞரின் கற்பனை என்று பலரும் வியக்கும் வளைவுகளில் பாதியாவது, என் கணிப்பில், இந்தக் கற்களின் பலவீனம் தந்தவை.

கூரை சுவர்மேல் உட்காரவில்லை என்பதை உள்ளே நின்றால் கண்ணாலேயே காணலாம். இரண்டுக்கும் நடுவே சுமார் 10 சென்டிமீட்டர் இடைவெளி. அதன் வழியே வெளிச்சம் கோடாக நுழைகிறது. பெரும்பாரமாகத் தோன்றும் கூரையும், 6 சென்டிமீட்டர் கனமே உள்ள இரண்டு கான்கிரீட் தகடுகள்தாம். பலகை அச்சுத் தெரியப் பூசாமல் விட்ட அதன் அடிப்பக்கம், சண்டிகரில் இவரது கட்டடங்களைப் பார்த்தவர்களுக்குப் பழகியதாகவே இருக்கும்.

1955இல் கோயில் திறக்கப்பட்டது. பழைய கோயிலிலிருந்து தப்பிய மாதா சுரூபத்தைக் கிழக்குச் சுவரில் கண்ணாடிப் பேழைக்குள், உள்நோக்கியும் வெளிநோக்கியும் திருப்பும்படி அமைத்திருக்கிறார்கள். செப்டம்பர் 8 திருவிழாவுக்குத் திரளும் கூட்டத்தைக் கோயில் கொள்ளாது, திருப்பலி வெளியே புல்வெளியில்தான் என்பதே காரணம்.

கற்களைப் பூச்சின்றிப் பார்க்க விரும்பினால், அந்தப் புல்வெளியின் ஓரத்தில் உள்ள படிக்கட்டுப் பிரமிடைப் பார்க்கலாம். குன்றை மீட்கும் சண்டையில் இறந்த பிரெஞ்சு வீரர்களின் நினைவாக, பழைய கோயிலின் கற்களையே அடுக்கி அதைக் கட்டினார்கள்.