தீப்பட்ட தேக்கு உத்தரத்தைக் கழற்ற வேண்டுமா?

20 நிமிடம் எரிந்த தீயில் தேக்கு உத்தரம் கருகிவிட்டது, பக்கத்தில் இருந்த இரும்பு வளைந்துவிட்டது, உத்தரத்தைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உத்தரம் கருகியிருக்கிறது என்பதற்காக மட்டும் கழற்ற வேண்டாம். தேக்கு போன்ற கனமான மரம் நிமிடத்துக்குச் சுமார் அரை மி.மீ.தான் கரியாகும். நீங்கள் சொன்ன 20 நிமிடத் தீயில், தீ பட்ட ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய 10 மி.மீ. போயிருக்கும். மேலே படிந்த கரியே உள்மரத்துக்குச் சூடு ஏறாமல் காக்கும். பக்கத்தில் இருந்த இரும்பு வளைந்தும் மரம் நிற்பது அதனால்தான். இரும்பு 600 டிகிரியை நெருங்கும்போது பாதி வலுவை இழந்துவிடும்.

உளியால் நாலைந்து இடத்தில் கரியைச் சுரண்டுங்கள். கரி முடியும் இடத்திலிருந்து இன்னும் 7 மி.மீ. வலுவிழந்ததாகக் கழித்துவிட்டு, மிச்ச அகலத்தையும் உயரத்தையும் அளந்து கட்டமைப்புப் பொறியாளரிடம் கொடுங்கள்.

எனக்குப் பயம் உத்தரத்தின் முனைகளில்தான். போல்ட், ஆணி வழியே சூடு உள்ளே இறங்கியிருக்கலாம். சுவருக்குள் இருக்கும் முனை கண்ணுக்குத் தெரியாது. பொறியாளர் பார்க்கும்வரை முட்டுக் கொடுத்து வையுங்கள், மாடியில் யாரையும் ஏறவிடாதீர்கள்.