டிரங்குப் பெட்டியில் பின்னி மில்

(இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்பவர், தங்கசாலையில் நாற்பது வருஷம் புத்தக பைண்டிங் பட்டறை நடத்தியவர்.)

கேள்வி: என் தாத்தா பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, பதினோரு பேர் நிற்கும் ஒரு குரூப் போட்டோ எல்லாம் கிடக்கின்றன. போட்டோவில் தாத்தாவைத் தவிர யாரையும் தெரியவில்லை. எல்லாவற்றையும் லேமினேட் பண்ணி மியூசியத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, புளியந்தோப்பு

பதில்: முதலில் தம்பியைக் கடைக்குப் போகவிடாமல் பிடித்து வையுங்கள், அம்மா. லேமினேஷன் சூட்டில் பிளாஸ்டிக்கின் பசை உருகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். பிறகு பிரிக்க வழியே கிடையாது. என் அப்பாவின் ஒரே கல்யாணப் போட்டோவை நானே லேமினேட் பண்ணிக் கெடுத்தேன். இத்தனைக்கும் பசையும் காகிதமும்தான் என் பிழைப்பு. மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க எத்தனை சிட்டிகை மயில்துத்தம் போடணும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என்ன பிரயோஜனம்? செல்லோ டேப்பும் வேண்டாம். சில வருஷத்தில் பழுப்பேறி, எழுத்தையும் தின்றுவிடும்.

அடுத்தது அந்தப் பதினோரு பேர். பின்னி மில் என்று நாம் சொல்கிற இரண்டு ஆலைகளில் பக்கிங்ஹாம் மில் 1876-லும் கர்நாடிக் மில் 1881-லும் தொடங்கியது எல்லாருக்கும் கிடைக்கிற தகவல். 1918-ல் தொழிற்சங்கத் தலைவர் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நிற்க, சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் அப்படித்தான். இந்த மில்லில் நடந்த 1921 வேலைநிறுத்தத்தைப் படிக்க எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கோப்புகள் உண்டு. ஆனால் அவை அதிகாரிகள் எழுதியவை. உங்கள் தாத்தாவின் இடது பக்கம் நின்றவர் யார், எந்தத் தெரு, எந்த ஷிப்ட் என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது. மில் மூடியது 1996-ல். கடைசியாக வேலை பார்த்தவர்களே இன்று தாத்தாக்கள். அதனால் மியூசியம் ஒரு மாசம் காத்திருக்கட்டும்.

போட்டோவை ஒரு ஜெராக்ஸ் எடுங்கள். அந்த ஜெராக்ஸில் ஒவ்வொரு தலைக்கு மேலும் நம்பர் போடுங்கள். அசலில் பேனா படவே கூடாது. அதை எடுத்துக்கொண்டு பழைய குவார்ட்டர்ஸ்காரர்கள், டீக்கடைப் பெரியவர்கள் என்று ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள். செல்போனில் பேச்சைப் பதிவு பண்ணலாமா என்று கேட்டுவிட்டுப் பண்ணுங்கள். 'நாலாவது ஆள் அவன் இல்லப்பா, அவன் தம்பி' என்று இரண்டு பேர் சண்டை போட்டால் இன்னும் நல்லது, இரண்டு பெயரையும் எழுதி வையுங்கள். மில் சங்கு எப்படி ஊதும், எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். முகத்தை மறந்தவர்களுக்கும் சங்கு மறக்காது. கிடைத்த பெயர்களைப் போட்டோவின் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள்.

கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். கோட்டையூர்க்காரர் ஒருவர் தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ்களை வைத்து 1994-ல் தொடங்கியது அது. கல்யாணப் பத்திரிகையைக் கூடத் தூக்கி எறியாத மனிதர். சந்தா ரசீதின் அருமை அங்கே புரியும். எங்கே கொடுத்தாலும், அசலையே தருகிறீர்களா, நகல் எடுக்க மட்டுமா என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒருமுறை வாய்வார்த்தையை நம்பி ஒரு ஆல்பத்தைக் கொடுத்தேன். இன்னும் வரவில்லை.

கேள்வி: வடசென்னைக்கென்று ஒரு மியூசியம் வருமா, ஐயா?
– கல்லூரி மாணவர், ராயபுரம்

பதில்: பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் 2002-லிருந்து ரயில் மியூசியம் இருக்கிறதே, போயிருக்கிறாயா? உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ராயபுரம் ஸ்டேஷன் நிற்கிறது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் போனது. பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்கா இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையிட்டுப் போன பிறகு ஊரைச் சுற்றிக் கட்டிய மதிலின் மிச்சம். மேலே ஏறிக் காதலிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? புதுக் கட்டடம் வரும்போது வரட்டும். என்னைக் கேட்டால், வடசென்னை பாக்ஸிங் பரம்பரை வாத்தியார்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களை முதலில் ஸ்கேன் பண்ணு.

கேள்வி: மழைத் தண்ணீரில் ஆல்பம் ஊறிவிட்டது. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன.
– வாசகி, எண்ணூர்

பதில்: காய்வதற்குள் கவனியுங்கள், பிய்க்காதீர்கள். ஸ்டூடியோவில் கழுவிய பழைய படங்கள் என்றால் சுத்தமான தண்ணீர்த் தட்டில் சிறிது நேரம் போடுங்கள், தானாக விலகும். வீட்டு இன்க்ஜெட் பிரிண்ட்டைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள், மை கரைந்துவிடும். முகம் மேலே இருக்கும்படி பழைய பருத்திச் சேலையில் பரப்பி, நிழலில் காய விடுங்கள். வெயிலும் இஸ்திரிப் பெட்டியும் கூடாது. எதையும் எடுப்பதற்கு முன், எந்தப் படம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.