எதிர்ப்பு ரகத்தில் குலை நோய்: ஊக்கி தெளித்தால் தீருமா?

கேள்வி: நோய் எதிர்ப்பு ரகம் என்று நட்ட நெல்லில் மூன்றாம் ஆண்டு குலை நோய் கண்டிருக்கிறது. பயிரின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்துவிட்டது, ஊக்கி தெளித்தால் திரும்பிவிடும் என்கிறார் விதை விற்றவர். உண்மையா?

பதில்: இல்லை. பெரும்பாலும் தளர்ந்தது பயிர் அல்ல, மாறியது குலை நோயை உண்டாக்கும் பூஞ்சாணம்.

நம் இரத்த வெள்ளையணுக்களைப் போல நோயைத் தேடிச் சுற்றிவரும் செல்கள் நெல்லுக்குக் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் (அந்நியப் பொருளை அடையாளம் காணும் புரதங்கள்), பூஞ்சாணச் சுவரிலிருந்து உதிரும் கைட்டின் என்ற பொருளை உணர்ந்து முதல் எதிர்ப்பைக் கிளப்பும். அதை அடக்கப் பூஞ்சாணம் சில புரதங்களைச் செல்லுக்குள் செலுத்தும். அவற்றில் ஒன்றை உள்ளேயுள்ள ஏற்பி கண்டுகொண்டால், தொற்றிய செல் தானே மடிந்து நோயை அங்கேயே முடக்கிவிடும். எதிர்ப்பு ரகம் என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் இருப்பது இத்தகைய உள் ஏற்பி ஒன்றோ இரண்டோதான். பை-டா என்ற நெல் மரபணு உருவாக்கும் ஏற்பி அப்படிப்பட்டது. அது தேடும் பூஞ்சாணப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் கண்டுகொள்ளாமல் போகலாம்.

எந்த ஊக்கியும் ஏற்பிக்குப் புதிய புரதத்தை அறியக் கற்றுத்தராது. தழைச்சத்து கலந்த புட்டியாக இருந்தால் கேடு இரட்டிப்பு: தழைச்சத்து மிகுந்தால் குலை நோய் மேலும் பரவும். இலை கரும்பச்சையாவதைக் காட்டி "குணம் தெரிகிறது" என்பார்கள், நம்பாதீர்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதைக் காட்டித்தான் மற்றவற்றையும் விற்கிறார்கள் என்பதால் விளக்கிவிடுகிறேன். ஜப்பானில் 1975 முதல் புழக்கத்தில் உள்ள புரோபெனசோல் என்ற மருந்து, சாலிசிலிக் அமிலம் என்ற பொருளின் வழியாக நெல் காட்டும் எதிர்ப்பை உண்மையிலேயே தூண்டும். ஆனால் நோய் வருமுன் குருணையாக இட்டு, வேர் அதை உறிஞ்சியிருக்க வேண்டும். புள்ளி விழுந்த இலையை அது மீட்காது. உங்கள் வயல் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. நோயை உறுதிசெய்துகொண்டு, குலை நோய்க்கென அனுமதிக்கப்பட்ட பூஞ்சாணக்கொல்லியைப் பயன்படுத்துங்கள், மேலுரத்தை நிறுத்திவையுங்கள்.

விதைப் பையில் எந்த மரபணு, எந்தப் பூஞ்சாண இனத்துக்கு எதிராக, எந்த ஆண்டு சோதித்தது என்று ஒரு வரி அச்சிட என்ன தடை? ஒரே மரபணுவைப் பரந்த பரப்பில் ஆண்டுதோறும் விதைக்கவைத்துவிட்டு, அது தோற்றதும் விவசாயியின் பராமரிப்பைக் குறை சொல்வது அநியாயம். அடுத்த பருவத்துக்கு ரகம் மாற்றும்போது பெயரைப் பார்க்காதீர்கள், மரபணுவைக் கேளுங்கள். புதுப் பெயரில் வரும் பையிலும் அதே மரபணு இருக்கலாம்.