வாங்குவோர் கேள்வி-பதில்: பழைய விண்டோஸும் மூடாத கதவும்

கேள்வி: சென்ற ஆண்டு 11,000 ரூபாய்க்கு விண்டோஸ் 7 உள்ள பழைய கணினியை வாங்கினேன். கணக்கர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காக, கடைக்காரரே ரிமோட் இணைப்பையும் அமைத்துக் கொடுத்தார். போன மாதம் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டு, பணம் கேட்டு அறிவிப்பு வந்தது. "வைரஸுக்கு நான் பொறுப்பல்ல" என்கிறார் கடைக்காரர்.
- கொலுசுப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள், கட்டினாலும் கோப்புகள் திரும்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை. திருடர் நுழைந்தது எளிய கடவுச்சொல்லாலா, புளூகீப் என்ற ஓட்டையாலா என்று கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் விண்டோஸ் 7இன் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்தில் திறந்துவைத்தவர் இரண்டுக்குமே வழிவிட்டிருக்கிறார். புளூகீப்பில் கடவுச்சொல்லே தேவையில்லை; இணைப்பு தொடங்கும் கட்டத்திலேயே வெளியாள் தம் நிரலை உங்கள் கணினியில் ஓட்டிவிடலாம். எக்ஸ்பி, விஸ்டா, விண்டோஸ் 7, சர்வர் 2003, 2008 ஆகியவற்றில் இந்த ஓட்டை இருந்தது. விண்டோஸ் 8இலும் 10இலும் இல்லை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட 2017இன் வான்னாக்ரை வைரஸ் போல இதுவும் கணினிக்குக் கணினி தானே பரவக்கூடும் என்று அஞ்சிய மைக்ரோசாப்ட், 2014இலேயே கைவிட்ட எக்ஸ்பிக்கும் சேர்த்து, 2019 மே 14 அன்று இலவசத் திருத்தத்தை வெளியிட்டது.

இலவசமாகக் கிடைத்த திருத்தம் நம் கணினிகளுக்கு ஏன் வந்து சேர்வதில்லை? "ஃபுல் வெர்ஷன் போட்டிருக்கேன் சார்" என்று விற்கப்படும் திருட்டு நகல்களில், குட்டு வெளிப்படாமலிருக்க அப்டேட்டையே நிறுத்திவிடுகிறார்கள். 2018இல் நான் வாங்கிய பழைய மடிக்கணினியின் அடியில், உரிம ஒட்டுவில்லை நகத்தால் பாதி சுரண்டப்பட்டிருந்தது. என் கண்ணெதிரிலேயே அப்டேட்டை நிறுத்திய கடைக்காரர், "இனிமே ஸ்லோ ஆகாது" என்றார். நான் நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று உங்கள் கடைக்காரர் வாதிடுவார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென வாங்கிய பொருளுக்கு நுகர்வோரே என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ரிமோட் இணைப்பை அவரே அமைத்ததை மனுவில் முதலில் எழுதுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமில்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் விடுதியில் பில் போடும் எக்ஸ்பி கணினிக்கு இணையமோ வேறு கணினிகளோடு இணைப்போ கிடையாது. அதற்கும் இந்த ஆபத்து உண்டா?
- வாசகர், ஏற்காடு

பதில்: இல்லை, பென் டிரைவ்களில் மட்டும் கவனமாக இருங்கள்.

கேள்வி: பில் வேண்டாம் என்றால் 1,500 ரூபாய் குறைப்பதாகச் சொன்னதால், ரொக்கம் கொடுத்து விண்டோஸ் 7 கணினி வாங்கினேன். இப்போது அப்டேட் ஏறவில்லை. வழக்குத் தொடுக்கலாமா?
- வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: எதைக் காட்டித் தொடுப்பீர்கள்? அந்த 1,500 ரூபாய்க்கு நீங்கள் விற்றது உங்கள் சாட்சியத்தை. கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 என்ற போர்ட் எண்ணை (இணைப்பு நுழையும் வாசலின் எண்) மாற்றிவிட்டால் புளூகீப் பயமில்லை என்று சொல்லி, டெக்னீஷியன் 800 ரூபாய் வாங்கிக்கொண்டார். சரிதானா?
- வாசகர், சூரமங்கலம்

பதில்: சரியல்ல. எந்த எண்ணில் ஒளித்தாலும் தேடுபவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஓட்டை அப்படியேதான் இருக்கும். திருத்தத்தை ஏற்றச் சொல்லுங்கள். ரிமோட் தேவையில்லை என்றால் அதையும் அணைக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டதால், அந்தக் கணினிக்கு இனிச் செலவழிக்காமல் மாற்று தேடுவதே நல்லது. 800 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள்.