ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு எந்த கார்புரேட்டர் அடாப்டர்? – கேள்வி பதில்

என்னிடம் 1965 ஃபோர்டு, 200 கன அங்குல எஞ்சின். சிங்கிள் பேரல் (ஒரே காற்றுத்துளை உள்ள) ஆட்டோலைட் 1100 கார்புரேட்டரை எடுத்துவிட்டு டபுள் பேரல் போடணும். அதை எஞ்சினோடு பொருத்த எந்த அடாப்டர் வாங்கலாம்?

அடாப்டர் இருக்கட்டும், முதலில் ப்ளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள். உங்களிடம் இருப்பது லோட்-ஓ-மேட்டிக். அதில் எடை வைத்து இயங்கும் அட்வான்ஸ் (தீப்பொறியை முன்கூட்டியே விடும் அமைப்பு) கிடையாது, டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை நகர்த்துவது முழுக்க வேக்கம் என்கிற வெற்றிட இழுப்புதான். அந்த வேக்கத்தை அளந்து கொடுக்கும் வால்வு ஆட்டோலைட் 1100-இன் உடம்பிலேயே இருக்கிறது. வேறு கார்புரேட்டர் போட்டால் அதுவும் போச்சு. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுக்காது. பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றியே மாசம் ஓடிவிடும். எடை, வேக்கம் இரண்டும் உள்ள பிந்தைய டிஸ்ட்ரிபியூட்டரை முதலில் மாட்டுங்கள். ஆயில் பம்ப் தண்டின் அளவு பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி அடாப்டர். இந்த எஞ்சினில் இன்டேக் குழாய் ஹெட்டோடு சேர்த்தே வார்த்தது, கழற்ற முடியாது. மேலே இரண்டு ஓட்டை வந்தாலும் கீழே ஒன்றுதான். தட்டையான அடாப்டரில் கலவை நேராகப் போய் விளிம்பில் மோதும், பெட்ரோல் துளியாகப் பிரிந்துவிடும். புனல் போல உள்ளே சரிந்து இறங்கும் உயரமான அடாப்டர்தான் நல்லது. பானெட் இடிக்குமா என்று தெரிய ஏர் ஃபில்டர் மேல் களிமண் உருண்டை வைத்து மூடிப் பாருங்கள். உள்ளே படி போல நிற்கும் விளிம்பை அரத்தால் சரித்துவிடுங்கள். இதற்கு மேல் வேண்டும் என்றால் குழாயின் மேல்பகுதியை மில்லிங் செய்து நேரடியாக உட்கார வைக்க வேண்டும். அது லேத் பட்டறை வேலை.

அதே எஞ்சின். நிமிடத்துக்கு 500 கன அடி காற்று விடும் டபுள் பேரல் சல்லிசாகக் கிடைக்கிறது.

கணக்கு போடுவோம். 200 கன அங்குலம் × 4500 சுற்று ÷ 3456 = 260 (ஒரு கன அடிக்கு 1728 கன அங்குலம், இரண்டு சுற்றுக்கு ஒரு மூச்சு என்பதால் அதன் இரு மடங்கு 3456). எஞ்சின் முழுசாக மூச்சு வாங்காது, 80 சதவீதம் வைத்தால் நிமிடத்துக்கு 208 கன அடி. 1.08 அங்குல வென்சுரி (காற்று போகும் குறுகிய கழுத்து) உள்ள மோட்டார்கிராஃப்ட் 2100 ஏறக்குறைய 287 கொடுக்கும். அதுவே தாராளம். 500 போட்டால் வென்சுரியில் காற்றின் வேகம் குறைந்து, மிதித்ததும் திணறும்.

390 நான்கு பேரல்?

நான்கு பேரலை 1.5 அங்குல (பாதரச அளவு) வேக்கத்தில் அளப்பார்கள், டபுள் பேரலை 3 அங்குலத்தில். உங்கள் 390, டபுள் பேரல் கணக்கில் சுமார் 550. மேலே உள்ள பதிலையே படிக்கவும்.

கிரைஸ்லரின் ஸ்லான்ட் சிக்ஸ் 225 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர்.

உங்களுக்கு அடாப்டரே வேண்டாம். இதில் மேனிஃபோல்டு (இன்டேக் குழாய்) தனியாகக் கழன்று வரும். 1977-இல் 'சூப்பர் சிக்ஸ்' என்று கம்பெனியே கார்ட்டர் பிபிடி டபுள் பேரலோடு மேனிஃபோல்டு போட்டது. அதைத் தேடுங்கள். ஒன்று மட்டும்: டார்க்ஃப்ளைட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கார்புரேட்டரோடு இணைக்கும் த்ராட்டில் ராடை மாட்டாமல் ஓட்டாதீர்கள். பிரஷர் ஏறாமல் கிளட்ச் தட்டுகள் கருகிவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றாமல் சமாளிக்க முடியாதா? 1966 ஃபோர்டு.

முடியாது.

ஜீப் 258 எஞ்சினுக்கு வெபர் 32/36 கார்புரேட்டர். இரண்டு தட்டு அடாப்டர். ஒரு மாதத்தில் ஐடிலிங் கூடிவிட்டது.

கீழ்த்தட்டின் ஆலன் ஸ்க்ரூக்கள் தளர்ந்து காற்று இழுக்கும். அவை மேல்தட்டுக்கு அடியில் மறைந்திருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. கழற்றி, நடுத்தரப் பிடிப்புள்ள லாக் பசை தடவி, புது பேக்கிங் போட்டு இறுக்குங்கள். பெட்ரோல் பிரஷரும் 3 பிஎஸ்ஐ பக்கம் இருக்கட்டும், கூடினால் வெபர் வழியும்.

அடாப்டரை இரண்டு திசையிலும் மாட்டலாம் போலிருக்கிறது. எது சரி?

த்ராட்டில் தண்டு (காற்றைத் திறந்து மூடும் தட்டுகளின் அச்சு) எஞ்சினின் நீளவாக்கில் ஓடும் கிராங்க்குக்கு இணையாக இருக்க வேண்டும். பாதி திறந்த தட்டு கலவையை ஒரு பக்கம் தள்ளும். தண்டு குறுக்கே இருந்தால் முன் மூன்றுக்கோ பின் மூன்றுக்கோ பெட்ரோல் கூடிப்போகும்.

குறுக்கே மாட்டி எட்டு வருஷமாக ஓட்டுகிறேன். சும்மா பயமுறுத்தாதீர்கள்.

ஆறு ப்ளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பார்த்தேன். 5, 6 கறுப்பு. 1 வெளுப்பு. அது ஆயில் ஏறுவதால்.

ஆயில் ஏறினால் கறுப்பு ஈரமாகப் பிசுபிசுக்கும். விரலால் தேயுங்கள், பொடியாக வந்தால் பெட்ரோல்.

பொடிதான். ஆனால் என் நண்பன் வண்டியிலும் குறுக்கேதான், அவனுக்கு ஆறும் ஒரே நிறம்.

அடாப்டர் உயரம்?

அவனுடையது இரண்டு அங்குலம். என்னுடையது அரை.

அப்போது நீங்கள் சொல்வதும் சரிதான். உயரம் இருந்தால் கலவை நேராவதற்கு இடம் கிடைக்கும், திசைத் தப்பு கொஞ்சம் மறையும். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் மட்டும் அடாப்டரைத் திருப்பி மாட்டுங்கள்.

கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்‌ஷனுக்குப் போகலாமா?

அது என் துறை இல்லை.

1964 ஃபோர்டு 170. அடாப்டர், கார்புரேட்டர் எல்லாம் மாட்டியாச்சு. ஸ்டார்ட் ஆகிறது, இழுக்கவில்லை. ஜெட் எந்த நம்பர்?

ஜெட்டைத் தொடாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் எது?