அம்மாவுக்கு அன்ரிஒக்சிடன்ட் குளிசை கொடுக்கலாமா, எங்கள் வன்னிச் சாப்பாடே போதுமா?

கேள்வி கேட்டவர் மாங்குளம் பக்கம். கனடாவில் இருக்கும் அண்ணா, அம்மாவுக்கு என்று ஒரு போத்தல் அன்ரிஒக்சிடன்ட் குளிசை அனுப்பியிருக்கிறாராம். விற்றமின் ஈ, விற்றமின் சி, பீற்றா கரோட்டின், செலனியம் எல்லாம் கலந்தது. அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, சீனி வருத்தம் உண்டு, வெற்றிலை போடுவார். கொடுக்கலாமா, இல்லாவிட்டால் சாப்பாட்டில் கிடைப்பதே போதுமா என்பதுதான் கேள்வி.

போத்தலைத் திறக்க வேண்டாம் என்பது என் பதில். ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டால் அண்ணாவுக்கு மனம் நோகும், அடுத்த முறை வேறு பெயரில் இரண்டு போத்தல் வரும். அதனால் காரணத்தையும் சொல்கிறேன். நான் வைத்தியர் இல்லை, உயர்தர மாணவர்களுக்கு இரசாயனம் படிப்பிக்கிறவன். மருந்து பற்றிய முடிவை அம்மாவின் கிளினிக்கில்தான் எடுக்கவேண்டும்.

கலத்துக்குள் ஒட்சிசனைப் பயன்படுத்திச் சக்தி உண்டாகும்போது, சோடியில்லாத இலத்திரனோடு சில மூலக்கூறுகளும் உண்டாகின்றன. இவைதான் சுயாதீன மூலிகங்கள். பக்கத்தில் இருக்கும் கொழுப்பிலோ புரதத்திலோ டீஎன்ஏயிலோ இருந்து ஓர் இலத்திரனைப் பிடுங்கிக்கொள்ளும். பறிகொடுத்தது இன்னொன்றிடம் பிடுங்கும். தன்னிடமுள்ள இலத்திரனைக் கொடுத்து இந்தச் சங்கிலியை நிறுத்துகிற பொருளைத்தான் அன்ரிஒக்சிடன்ட் என்கிறோம். எள்ளு விதைக்கிற ஊர்க்காரருக்கு உதாரணம் வீட்டிலேயே இருக்கிறது. நல்லெண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம், கணக்குப்படி அது சீக்கிரம் சிக்கு மணம் அடிக்கவேண்டிய எண்ணெய். ஆனால் மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும். எள்ளில் உள்ள செசமோல் போன்ற சேர்வைகள் இப்படி இலத்திரன் பறிபோவதை, அதாவது ஒட்சியேற்றத்தை, தடுத்துவைத்திருக்கின்றன.

போத்தலில் இருக்கும் எண்ணெயில் நடப்பது உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொண்டதில்தான் வில்லங்கம் தொடங்கியது. 1956இல் டென்ஹம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, முதுமைக்கே இந்த மூலிகங்கள்தான் காரணம் என்று ஒரு கருதுகோளை முன்வைத்தார். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோயும் சில புற்றுநோய்களும் குறைவு என்பதும் பிறகு கணக்கெடுப்புகளில் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு, பழத்தில் உள்ள சரக்கைப் பிரித்துக் குளிசையாகக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சோதித்தும் பார்த்தார்கள்.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேருக்கு பீற்றா கரோட்டினும் விற்றமின் ஈயும் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த முடிவு 1994இல் வந்தது. பீற்றா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்போர், அஸ்பெஸ்டஸ் தொழிலாளர் என 18,314 பேரை வைத்து நடந்த இன்னொரு சோதனையை 1996 ஜனவரியில், முடியவேண்டிய காலத்துக்கு 21 மாதம் முன்பே நிறுத்தினார்கள். அங்கே நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடியிருந்தது. விற்றமின் ஈயையும் செலனியத்தையும் 35,000க்கு மேற்பட்ட ஆண்களில் பார்த்த வேறொரு ஆய்வில், விற்றமின் ஈயை மட்டும் எடுத்தவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011இல் அறிவித்தார்கள். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசும் கொக்ரேன் அமைப்பு 2012இல் 78 சோதனைகளை, கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேரின் தரவுகளை, ஒன்றாக அலசிப் பார்த்தது. இந்தக் குளிசைகள் ஆயுளைக் கூட்டுவதற்கு ஆதாரம் இல்லை, பீற்றா கரோட்டினும் விற்றமின் ஈயும் இறப்பைச் சற்றுக் கூட்டுவதாகவே தெரிகிறது என்றது.

உங்கள் அம்மா புகைப்பவர் இல்லை என்பதால் பின்லாந்துக் கணக்கை அப்படியே அவருக்குப் பொருத்த முடியாது, சரி. ஆனாலும் நன்மை இருப்பதாகக் காட்டாத ஒரு பொருளை ஏன் விழுங்கவேண்டும்? ஒரு விலக்கையும் சொல்லவேண்டும். முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிற நோய் நடுத்தரக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு, குறிப்பிட்ட அளவில் இந்த விற்றமின்களும் நாகமும் (zinc) சேர்ந்த குளிசை நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துகிறது. அது கண் வைத்தியர் பார்த்துக் கொடுக்கிற மருந்து.

ஏன் இப்படித் தலைகீழாகப் போனது? முழு விடை ஒரே வரியில் இல்லை, சில துண்டுகள் தெளிவாக இருக்கின்றன. உடம்பு இந்த மூலிகங்களைப் பகையாக மட்டும் வைத்திருக்கவில்லை. கிருமியை விழுங்கும் வெண்குருதிக் கலங்கள் அதைக் கொல்வதற்கு இவற்றைத்தான் பாவிக்கின்றன. பரம்பரைக் குறைபாட்டால் இவற்றை உண்டாக்க முடியாத பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தொற்று வந்து அவதிப்படுவார்கள். சீனி வருத்தக்காரர் கவனிக்கவேண்டிய ஓர் ஆய்வும் இருக்கிறது. 2009இல் ஜெர்மனியில் இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, பாதிப் பேருக்கு விற்றமின் சியும் ஈயும் கொடுத்தார்கள். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலைசெய்யத் தொடங்கியது குளிசை எடுக்காதவர்களில்தான். எடுத்தவர்களில் அந்தப் பலன் தெரியவில்லை. பயிற்சியின்போது உண்டாகும் மூலிகங்களே உடம்புக்குத் தயாராகும்படி சொல்லும் சமிக்ஞை, அதைக் குளிசை அணைத்துவிட்டது என்பது அவர்கள் தந்த விளக்கம். சிறிய ஆய்வுதான். ஆனால் சீனிக்காகப் பின்னேரம் நடக்கப் போகிறவர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இன்னொன்று, இரத்தத்தில் ஓடும் திரவத்தில் பெரிய அன்ரிஒக்சிடன்ட் எது தெரியுமா? யூரிக் அமிலம். கூடக்கூட நல்லது என்றால் அது கூடிப் பெருவிரல் வீங்கி நொண்டுகிறவர்கள்தான் ஊரில் மிகச் சுகமானவர்களாக இருக்கவேண்டும்.

போத்தலில் "இத்தனை ஆயிரம் ஓராக் அலகு" என்று அச்சடித்திருந்தால் அதையும் நம்பவேண்டாம். அன்ரிஒக்சிடன்ட் வலுவைச் சோதனைக் குழாயில் அளந்த எண் அது. அமெரிக்க விவசாயத் திணைக்களம் முன்பு உணவு வாரியாக அந்தப் பட்டியலை வெளியிட்டு வந்தது. உடல்நலத்தோடு அந்த எண்களுக்குத் தொடர்பு காட்ட முடியவில்லை, விளம்பரக்காரரும் துஷ்பிரயோகம் செய்கிறார்கள் என்று 2012இல் தானே எடுத்துவிட்டது. பழத்தில் உள்ள பொலிபீனோல்களில் (தாவரங்களில் இருக்கும் ஒரு வகை அன்ரிஒக்சிடன்ட்) பெரும்பகுதி குடலைத் தாண்டுவதே இல்லை. தாண்டுவதையும் ஈரல் உருமாற்றிவிடும்.

அம்மா குருதி உறையாமல் இருக்க வோர்பரின் எடுப்பவராக இருந்தால் அதிக அளவு விற்றமின் ஈ இரத்தக் கசிவைக் கூட்டும். அதிக அளவு விற்றமின் சி சில குளுக்கோமீற்றர்களில் சீனி அளவைப் பிழையாகக் காட்டவைக்கும், சிறுநீரகக் கல்லுக்கும் வழிவிடும். போத்தலை கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

இனிச் சாப்பாடு. எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

வன்னியில் இருந்துகொண்டு அன்ரிஒக்சிடன்ட்டுக்குக் கனடாவைப் பார்ப்பது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருக்கிறது. விற்றமின் சியை எடுங்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 75 மில்லிகிராம் போதும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. தோடம்பழத்தில் அதில் கால்வாசிதான். வளவில் கொய்யா நிற்கிற வீட்டுக்காரர் கடையில் இறக்குமதித் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். சீனி வருத்தத்துக்குச் செங்காய்ப் பதத்தில் சாப்பிட்டால் இன்னும் நல்லது.

முருங்கையிலையில் பீற்றா கரோட்டின் நிறைய. ஆனால் அது கொழுப்பில் கரைகிற பொருள், கொழுப்பில்லாமல் சாப்பிட்டால் சரியாக உறிஞ்சப்படாது. தேங்காய்ப்பூ போட்டு வறை வறுக்கிற நம் வழக்கம் இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. இலையைப் பொடியாக்கி வெந்நீரில் கலக்கிக் குடிக்கச் சொல்கிற இணையப் புத்திமதியைவிட வறை மேல். விற்றமின் சி மட்டும் சூட்டில் அழியும், அதற்கு வல்லாரைச் சம்பல் இருக்கிறது, இறக்கியபின் விடுகிற தேசிக்காய்ப்புளி இருக்கிறது. பனங்களியின் செம்மஞ்சள் நிறமும் பீற்றா கரோட்டினின் இனமான கரோட்டினொயிட்தான். நாவற்பழத்தின் ஊதா, அந்தோசயனின் என்ற பொலிபீனோல். மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசியின் நிறம் தவிட்டில் இருக்கும் ஒரு வகைத் தனின், ஆலையில் வெள்ளையாகத் தீட்டினால் நாரோடு சேர்ந்து அதுவும் போய்விடும். முறிகண்டி, மாங்குளம் வழியே ஏ9 வீதியோரம் பாலைப்பழம் வந்தால் வாங்கிச் சாப்பிடுங்கள். அன்ரிஒக்சிடன்ட்டுக்காக வேண்டாம், ருசிக்காக. உதட்டில் ஒட்டும், அது பாலைப்பழத்தின் குணம். அம்மாவுக்கு மட்டும் அளவாகக் கொடுங்கள், இனிப்பு அதிகம்.

பழமும் இலைக்கறியும் சாப்பிடுகிறவர்கள் சுகமாக இருப்பது அன்ரிஒக்சிடன்ட்டாலா, நாரினாலா, பொட்டாசியத்தினாலா, அவற்றால் வயிறு நிறைந்து சீனிப் பண்டம் குறைவதாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். எனக்கு அது கவலையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற நாளுக்கு 400 கிராம் மரக்கறி, பழம் தட்டில் வந்தால் சரி.

தேத்தண்ணி பற்றி ஒரு எச்சரிக்கை. தேயிலையிலும் பொலிபீனோல் நிறைய, அதனாலேயே புகழ்கிறார்கள். அதே பொலிபீனோல் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்துவைத்து உறிஞ்சவிடாமல் செய்யும். சாப்பாட்டோடு குடித்தால் இரும்பு சேர்வது பாதிக்கு மேல் குறையும். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் இரும்புக் குளிசையோடு விற்றமின் சியும் கொடுத்து, தேத்தண்ணியோடு எடுக்கவேண்டாம் என்று மிட்வைஃப் அக்கா சொல்வது இதனால்தான். விற்றமின் சி அங்கே தன் இலத்திரனை இரும்புக்குக் கொடுத்து, குடல் உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. ஆக, சோற்றுக்குத் தேசிக்காய், தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் கழித்து. வீட்டில் இரத்தச்சோகை உள்ள பெண்பிள்ளைகள் இருந்தால் இது அவர்களுக்கு இன்னும் முக்கியம்.

இனி நீங்கள் போகிற போக்கில் எழுதிய வெற்றிலைக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அந்தச் சொல்தான். "வெற்றிலையில் அன்ரிஒக்சிடன்ட் இருக்கு தம்பி" என்று எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். இலையில் இருக்கிறது, பொய்யில்லை. பாக்கிலும் பொலிபீனோல் இருக்கிறது. ஆனால் சுண்ணாம்பு தடவியதும் வாய்க்குள் காரத்தன்மை ஏறுகிறது. அந்தச் சூழலில் பாக்கின் பொலிபீனோல் தானே ஒட்சியேறி, ஐதரசன் பேரொட்சைட்டையும் மூலிகங்களையும் வாய்த் தோலின் மேலேயே உண்டாக்குகிறது. சோதனைக் குழாயில் அன்ரிஒக்சிடன்ட்டாக இருந்த அதே பொருள்! பாக்கை மட்டும் தனியே மென்றாலும் புற்றுநோய் வரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இலங்கை ஆண்களில் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். பெண்களிலும் வெற்றிலை போடுகிறவர்களுக்கு ஆபத்து அதேதான். பாக்கையும் புகையிலையையும் நிறுத்தவைப்பது அந்தப் போத்தலால் ஆகாத வேலையைச் செய்யும். உடனே விடமாட்டார், தெரியும். முதலில் புகையிலை, பிறகு பாக்கு. வாயில் ஆறாத புண், வெள்ளைப் படை, வாய் திறக்க இறுக்கம் இருந்தால் பல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், நாள் கடத்தவேண்டாம்.

அண்ணாவிடம் கேட்பதென்றால் குளுக்கோமீற்றருக்கான ஸ்ட்ரிப் அனுப்பச் சொல்லுங்கள், இங்கே அது விலை.

கடைசியாக, அம்மாவின் சிறுநீரகம் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. சீனி வருத்தம் உள்ளவர், வவுனியாவை அண்டிய கிராமங்களில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோயும் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறுகிற கிரியாற்றினின் கூடியிருந்தால் இலைக்கஞ்சி, கீரை, பழம் எவ்வளவு என்று கிளினிக்கில் கேட்டுத்தான் கொடுக்கவேண்டும், பொட்டாசியம் ஏறும். நட்சத்திரப்பழச் சாறு அவருக்கு வேண்டவே வேண்டாம். சீனிக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள், அதிலுள்ள ஒட்சலேற்று சிறுநீரகத்தை அடைத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இலங்கையிலேயே இருக்கிறார்கள்.