மூன்று கேரியர் டெஸ்ட், மூன்று விடை. எதை நம்புவது?

"ப்ளஸ் டூ முடித்துவிட்டேன். மூன்று கேரியர் டெஸ்ட் எழுதினேன். ஒன்று டீச்சர் என்கிறது, ஒன்று இன்ஜினியர் என்கிறது, ஒன்று நான்கு எழுத்தைக் கொடுத்து நீ இந்த வகை என்கிறது. எதை நம்புவது?" இதுதான் கேள்வி. கவுன்சலிங் நெருங்குகிற பதற்றத்தில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றும் மூன்று சங்கதியை அளந்திருக்கும். டீச்சர் என்றது விருப்பத்தை அளக்கும் டெஸ்ட்டாக இருக்கும், இன்ஜினியர் என்றது திறனை, நான்கெழுத்து குணத்தை. எடை மெஷினும் தெர்மாமீட்டரும் ஒரே எண்ணைக் காட்டாது.

நான்கெழுத்தை முதலில் ஓரம்கட்டுங்கள். மையர்ஸ்-பிரிக்ஸ் வகை டெஸ்ட்டில் ஒவ்வொரு எழுத்தும், கூட்டம் பிடிக்குமா தனிமை பிடிக்குமா மாதிரி ஒரு குணத்தில், நீங்கள் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதை மட்டும் சொல்கிறது. கோட்டை ஒட்டி நிற்பவர் இரண்டு கேள்விக்குப் பதிலை மாற்றினாலே எழுத்து மாறிவிடும். அதன் பதிப்பாளர்களே ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறார்கள். ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நண்பர்களோடு பேச நல்ல சாக்கு, கோர்ஸ் எடுக்க ஆகாது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

உருப்படியானது விருப்ப டெஸ்ட், அதுவும் ஒழுங்காக எழுதினால். பெரும்பாலானவை அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த கொள்கையிலிருந்து வளர்ந்த ஆறு வகையை வைத்து ஓடுகின்றன: கைவேலை, ஆராய்ச்சி, கலை, மக்கள் சேவை, வியாபாரம், ஒழுங்குமுறை வேலை. காசு கொடுக்கவே வேண்டாம். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் இன்ட்ரஸ்ட் ப்ரொஃபைலர் இலவசம். 60 கேள்வி, வகைக்குப் பத்து. 'கொஞ்சமும் பிடிக்காது' முதல் 'ரொம்பப் பிடிக்கும்' வரை ஐந்து கட்டம். வகைக்கு 0 முதல் 40 வரை மதிப்பெண் வரும்.

கோளாறு முதல் பக்கத்திலேயே ஆரம்பிக்கிறது. முதல் கேள்வி சமையலறை அலமாரி செய்வது, இரண்டாவது செங்கல் அல்லது டைல்ஸ் பதிப்பது. நம் பிள்ளைகள் அதை ஆசாரி வேலை, கொத்தனார் வேலை என்று வாசித்து, கொஞ்சமும் பிடிக்காது என்று தட்டிவிடுகிறார்கள். கேட்டது என்னவோ, அளந்து வெட்டிப் பொருத்துகிற வேலையைச் செய்யப் பிடிக்குமா என்பதுதான். வீட்டில் மிக்ஸியைக் கழற்றி மாட்டுகிற பையனுக்குக்கூட இப்படித்தான் கைவேலை மதிப்பெண் சரிகிறது, சிவிலும் மெக்கானிக்கலும் பட்டியலில் கீழே போகின்றன. சம்பளத்தையும் படிப்பையும் யோசிக்காதீர்கள் என்று டெஸ்ட்டுக்கு முன்னால் ஒரு குறிப்பு இருக்கும். யோசிக்கக் கூடாத அந்தப் பட்டியலில் கௌரவத்தையும் சொந்தக்காரர்களையும் நீங்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகள் இயந்திரம் என்று வந்தாலே விலகுவதும் இதே கதைதான்.

அடுத்து, ஐந்தில் நடுவே இருக்கும் 'தெரியவில்லை' கட்டம். ஸ்ப்ரெட்ஷீட் தயாரிக்கப் பிடிக்குமா என்று ஒரு கேள்வி வரும். எக்செலையே திறக்காதவர் தெரியவில்லை என்று போடுவது நேர்மை. ஆனால் 60இல் இருபதுக்கு மேல் அப்படிப் போட்டால் அந்த ரிசல்ட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்த வேலைகளை யூடியூபிலாவது பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

ரிசல்ட்டில் எது முதலிடம் என்று மட்டும் பார்க்காமல் எண்களைப் பாருங்கள். 34, 29, மற்றதெல்லாம் 15க்குக் கீழே என்றால் முதல் இரண்டை நம்பலாம். 24, 23, 22, 22 என்று வந்தால் முதலிடம் என்பது ஒரே ஒரு கிளிக்கின் கைங்கரியம். ஒத்துப்போகிற வகைகள் பக்கத்துப் பக்கத்தில் வரும்படி ஆறையும் அறுகோணத்தில் வைத்தால் கைவேலைக்கு நேரெதிர் மூலை மக்கள் சேவை. இரண்டும் உயர்ந்து வந்தால் டெஸ்ட் தப்பு என்று தூக்கிப் போடாதீர்கள். பிசியோதெரபி, ஐடிஐ பயிற்றுநர் மாதிரி இரண்டும் சேர்ந்த வேலைகள் இருக்கின்றன. உங்கள் டீச்சரும் இன்ஜினியரும் அங்கேதான் சந்திக்கிறார்களோ என்று பாருங்கள்.

ஓநெட் ரிசல்ட்டோடு காட்டும் வேலைப் பட்டியலில் உள்ள சம்பளமும் தேவையும் அமெரிக்காவுடையது. விஏஓ வேலையை அதில் தேடாதீர்கள். வேலையின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, இங்கே அதற்கு என்ன படிப்பு, என்ன நுழைவுத் தேர்வு, எவ்வளவு ஃபீஸ் என்று தனியாக விசாரியுங்கள்.

இன்ஜினியர் என்று சொன்ன திறன் டெஸ்ட்டில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, பகுதிவாரியாக மதிப்பெண் கொடுத்தார்களா. என்சிஇஆர்டியும் சிபிஎஸ்இயும் 9, 10ஆம் வகுப்புக்குக் கொண்டுவந்த 'தமன்னா' என்ற திறன் டெஸ்ட்டில் மொழி, எண், வடிவம், இயந்திரம் மாதிரி ஏழு பகுதி தனித்தனியாக இருக்கும், பாஸ் ஃபெயில் கிடையாது. இரண்டு, பர்சென்டைல், அதாவது நூற்றில் எத்தனை பேரை முந்தினீர்கள் என்ற கணக்கு, போட்டிருந்தால் யாரோடு ஒப்பிட்டார்கள். அதைச் சொல்லாத ரிப்போர்ட் நாற்பது பக்கம் இருந்தாலும் வெறும் கலர் பிரிண்ட்தான்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். கைரேகையை ஸ்கேன் செய்து மூளையின் திறமையைச் சொல்கிறோம் என்று பள்ளிக்கூடத்துக்குள்ளேயே முகாம் போட்டு ஆயிரக்கணக்கில் வசூலிக்கிறார்கள். இந்திய மனநல மருத்துவர் சங்கமே அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. கிளி ஜோசியக்காரர் இருபதோ ஐம்பதோ வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்.

இப்போது செய்ய வேண்டியது: விருப்ப டெஸ்ட்டை இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை எழுதுங்கள். இரண்டு முறையும் முதல் இரண்டில் வந்த வகை எது என்று குறித்து, அதிலிருந்து மூன்று வேலையை எடுங்கள். அந்த வேலையில் இருப்பவர் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து, எந்த நேரத்தில் அவர் கொட்டாவி விடுகிறார் என்று பாருங்கள். தினமும் செய்ய வேண்டிய அந்தப் பகுதி உங்களால் தாங்குகிற மாதிரி இருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள். ஒன்று மட்டும்: முதல் முறை அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க எழுதினீர்கள் என்றால், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.